லூட் பாக்ஸ்: அது பரிசுப் பெட்டி இல்லை

"பெல்ஜியத்தில் பரிசுப் பெட்டிகளுக்குத் தடை." ஏதோ ஒரு பழைய செய்தித் தொகுப்பில் இந்த வரியைப் படித்துவிட்டு அம்மா கேட்டார், "பரிசு குடுக்கிறதுல என்னடா தப்பு, அதுக்குப் போய் ஏன் தடை?" அம்மா மேல் தப்பே இல்லை. தப்பு, லூட் பாக்ஸ் என்பதைப் 'பரிசுப் பெட்டி' என்று மொழிபெயர்த்தவர் மேல். இந்தப் 'பரிசுப் பெட்டி'யை நான் பார்ப்பது இது எத்தனாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

முதலில் பொருள். வீடியோ கேமில் காசு கொடுத்து ஒரு பெட்டியை வாங்குகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகுதான் தெரியும். அரிய ஆயுதமாகவும் இருக்கலாம், ஒன்றுக்கும் உதவாத சட்டையாகவும் இருக்கலாம். அதுதான் லூட் பாக்ஸ். இதில் 'லூட்' இந்தியில் இருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், மூலம் சமஸ்கிருதம். கொள்ளை என்று அர்த்தம். வீழ்த்திய எதிரியிடம் இருந்து எடுத்துக்கொள்ளும் பொருளை விளையாட்டுக்காரர்கள் லூட் என்றார்கள், அதைப் பெட்டிக்குள் வைத்து விற்றதும் லூட் பாக்ஸ் ஆனது. சொல்லின் வரலாறு அவ்வளவுதான்.

'கொள்ளைப் பெட்டி' என்று எழுதுபவர்களும் உண்டு. சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் படிப்பவருக்குத் திருட்டு நகைப் பெட்டிதான் ஞாபகம் வரும். சங்கத் தமிழில் கொள்ளைப் பொருளுக்குக் 'கொண்டி' என்ற சொல் இருக்கிறது, 'கொண்டிப் பெட்டி' என்று வைக்கலாமே என்றார் தனித்தமிழ் நண்பர் ஒருவர். எனக்கும் ஆசைதான், ஆனால் இன்றைக்குக் கொண்டி என்றால் கதவுக் கொண்டி. பூட்டுக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. 'பரிசுப் பெட்டி'தான் கெடுதல். பரிசு என்பது கொடுப்பவர் கொடுப்பது, வாங்குபவர் விலை கொடுப்பதில்லை. ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தால் பரிசு, புலவர் பாடினால் பரிசில். இங்கே பாட்டும் இல்லை, ஓட்டமும் இல்லை, அப்பாவின் கார்டில் இருந்து பணம்தான் போகிறது. இந்தப் பெட்டிகளை விற்கும் நிறுவனங்கள் விரும்புவதே நாம் இதைப் பரிசு என்று நினைப்பதைத்தான். 2019-ல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு முன்னால் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் சட்டத் துறை அதிகாரி, நாங்கள் இதை லூட் பாக்ஸ் என்று சொல்வதில்லை, இது 'வியப்பூட்டும் உத்தி' என்கிற மாதிரி சொல்லி, உள்ளே பொம்மை வைத்த சாக்லேட் முட்டையை உதாரணம் காட்டினார். அவர் சம்பளம் வாங்குகிறார், சொல்லத்தான் செய்வார். நம் மொழிபெயர்ப்பாளர் எதற்காக அதே வேலையைச் சும்மா செய்து கொடுக்கிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

"லாட்டரியையே பரிசுச் சீட்டு என்றுதானே சொன்னோம்?" என்று கேட்பீர்கள். சொன்னோம். 1968-ல் அரசே தொடங்கியது, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற விளம்பரத்தோடு. விற்பவர் தன் சரக்குக்கு வைத்த பெயர் அது, அவ்வளவுதான். 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்தபோது அதைப் பரிசுக்குத் தடை என்று யாரும் புரிந்துகொள்ளவில்லை, ஏனென்றால் அதற்குள் சீட்டு எத்தனை வீட்டைக் காலி செய்யும் என்று ஊருக்கே தெரியும். லூட் பாக்ஸ் அப்படியா? பெரும்பாலான பெற்றோர் இதைக் கேள்விப்படுவதே இப்போதுதான், அதுவும் முதல் அறிமுகமே 'பரிசு'.

அக்கா மகன் கால்பந்து கேமில் ஒரு பேக், அதாவது ஆட்டக்காரர்கள் வரும் லூட் பாக்ஸ், திறந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரை இருட்டானது. ஒரு வெளிச்சம், ஒரு நாட்டுக் கொடி, அப்புறம் எந்த இடத்தில் ஆடுபவர் என்று இரண்டெழுத்து, அப்புறம் கிளப் சின்னம், கடைசியாகத்தான் முகம். பையன் கொடியைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டான். முகம் வந்தது, ஏற்கெனவே அவனிடம் இருக்கும் அதே ஆள். "மாமா, இன்னும் ஒண்ணே ஒண்ணு." பெட்டிக்கடையில் லக்கி பிரைஸ் அட்டையில் சீட்டுக் கிழித்த காலத்தில் நானும் கடைக்காரரிடம் இதையேதான் சொல்லியிருப்பேன்.

அப்படியானால் 'சூதுப் பெட்டி' என்று வைத்துவிடலாமா? கோபத்துக்குப் பொருத்தமான பெயர், ஆனால் வேண்டாம். இது சூதா இல்லையா என்பதுதான் வழக்கே. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் சூது என்றது, ஃபிஃபா கால்பந்து கேமில் பேக் வாங்குவதற்கான புள்ளிகளை அங்கே விற்பதை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அடுத்த ஆண்டு நிறுத்திக்கொண்டது. பக்கத்து நாடான நெதர்லாந்தில் அதே நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டார்கள், 2022-ல் அங்குள்ள உயர் நிர்வாக நீதிமன்றம், இது தனி விளையாட்டே இல்லை, கால்பந்து கேமின் ஒரு பகுதி என்று அதை ரத்து செய்துவிட்டது. நீதிபதிகளே ஒத்துப்போகாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பு எழுதக்கூடாது.

என் ஓட்டு 'குலுக்கல் பெட்டி'க்கு. என்ன நடக்கிறதோ அதை மட்டும் சொல்கிறது. கணினியில் எங்கே குலுக்குகிறார்கள் என்று ஒருவர் மடக்கினார். ஹஜ் பயணத்துக்கும் கணினியில்தான் தேர்வு செய்கிறார்கள், குலுக்கல் என்றுதான் சொல்கிறோம். ஜப்பானில் இதற்குக் 'காச்சா' என்று பெயர், பொம்மை இயந்திரத்தின் பிடியைத் திருகும்போது வரும் சத்தத்தில் இருந்து வந்த சொல். அவர்களும் செயலைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள்.

சட்டங்களைத் தமிழில் எழுதும்போதும் இந்தப் பெயர்தான் கைகொடுக்கிறது. எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று வெளியிட வேண்டும் என்ற விதி 2017 மே மாதம் சீனாவில் நடைமுறைக்கு வந்தது: "குலுக்கல் வாய்ப்பு", ஒரு நெருடலும் இல்லை. 'பரிசு வாய்ப்பு' என்று எழுதிப் பாருங்கள், அதுவே ஒரு விளம்பரம். கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமில் பெட்டியும் கிடையாது, குலுக்கலுக்கே பெயர் 'விஷ்', அதாவது வேண்டுதல். ஒரு வேண்டுதலுக்கு அந்தக் கேமின் நாணயத்தில் 160 ரத்தினம், ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழ அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். உண்மையான செலவையும் வாய்ப்பையும் பிள்ளைகளிடம் மறைத்ததாக அந்தக் கேமை வெளியிட்ட நிறுவனத்தின் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கு, 2025 ஜனவரியில் 2 கோடி டாலரில் முடிந்தது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதுபவர் தயவுசெய்து 'வேண்டுதல்' என்று போட்டுவிடாதீர்கள், காவடி எடுப்பதைத் தடை செய்துவிட்டார்களா என்று அம்மா அடுத்து கேட்பார்.