போட்டோவைப் பார்த்து ஷேடுக்கு ஒப்புதல் தராதீர்கள்

திருப்பூரில் சாயப்பட்டறை ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக ஷேடு பொருத்தும் வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த ஓர் ஆலிவ் பச்சை ஆர்டர் இன்னும் மனதை உறுத்துகிறது. போலோ டி-ஷர்ட். காலர் வேறொரு பட்டறையில் ஏற்கெனவே சாயமேறித் தையல் நிறுவனத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பொருத்தமாக உடல் துணிக்கு நாங்கள் சாயமேற்ற வேண்டும். காலர் கைக்கு வரத் தாமதமானதால், ஜன்னலோரம் வைத்து போனில் எடுத்த படம் மட்டும் வந்தது. படத்திலிருந்து நிறமாலையை, அதாவது ஒவ்வொரு அலைநீளத்திலும் துணி எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்ற வளைகோட்டை, கணக்கிட்டுத் தரும் செயலியும் கூடவே இருந்தது. அது தந்த வளைகோட்டை வைத்துச் சாயக் கலவைக்கு ரெசிபி போட்டோம். லேப் டிப்பை, அதாவது ஆய்வகத்தில் சாயமேற்றிய மாதிரித் துண்டை, படமெடுத்து அனுப்பினோம், ஒப்புதல் வந்தது. துணி முழுவதும் சாயமேறி, வெட்டி, தைத்து முடிந்த பிறகு கடை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். காலர் பச்சையாக இருந்தது, உடலில் பழுப்பு ஏறியிருந்தது. வெளியே வெயிலில் கொண்டுபோய் வைத்தால் இரண்டும் ஒரே நிறம்.

ஒரு விளக்கில் ஒத்துப்போய் இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும் இந்தக் குணத்தை எங்கள் தொழிலில் மெட்டாமெரிசம் என்கிறோம். போட்டோவை நம்பி ஷேடு முடிவு செய்கிற பழக்கம் வேகமாகப் பரவி வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியைத் துணி திருப்பி அனுப்புகிறது என்பதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் அளக்கிறது. 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை, பத்துப் பத்தாக எடுத்தால் 31 எண்கள். போன் கேமராவின் சென்சார் மீது சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். நான்கு கட்டத்தில் இரண்டு பச்சை, மற்ற இரண்டும் தலா ஒன்று. 1976-இல் காப்புரிமை பெற்ற பேயர் அமைப்பு இது. ஒவ்வொரு வடிகட்டியும் தன் எல்லைக்குள் விழும் ஒளி அனைத்தையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிடுகிறது. 31 பொருள் வாங்கிய மளிகைச் சீட்டு தொலைந்துபோய், மூன்று கூட்டுத்தொகை மட்டும் கையில் இருப்பது போன்ற நிலை. எந்தப் பொருள் என்ன விலை என்று அதிலிருந்து எப்படிச் சொல்வது?

ஆனாலும் ஓரளவு சொல்ல முடிகிறது என்பதுதான் இந்தத் துறையின் அழகு. பொருள்களின் பிரதிபலிப்பு வளைகோடுகள் பெரும்பாலும் மேடும் பள்ளமுமாகக் குதிக்காமல் வழுவழுப்பாக ஓடுகின்றன. நிறங்களை வரிசைப்படுத்தும் மன்செல் வண்ண அட்டைகளின் வளைகோடுகளை ஆராய்ந்த ஜோசப் கோஹென், மூன்று நான்கு அடிப்படை வளைகோடுகளைக் கலந்தாலே அவற்றைக் கிட்டத்தட்ட வரைந்துவிடலாம் என்று 1964-இல் காட்டினார். மூன்று எண்ணிலிருந்து 31 எண்ணை மீட்பதற்கென்றே 2018, 2020, 2022 ஆண்டுகளில் என்டிஐஆர்இ என்ற படச் செயலாக்க ஆய்வரங்கில் போட்டிகள் நடந்தன. அந்த உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அங்கே மீட்கப்படும் வளைகோடு, மூன்று எண்ணோடு, வளைகோடுகள் வழக்கமாக எப்படி இருக்கும் என்ற முன்னறிவையும் சேர்த்துக் கிடைப்பது. முன்னறிவு பொருந்தாத துணிக்கும் அது வளைகோடு தரும், அதே உறுதியோடு தரும்.

எங்கள் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திக்கு ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு நேவி நீலம் என மூன்று ரியாக்டிவ் சாயங்களில்தான் பெரும்பாலான ஷேடுகள் பிறக்கின்றன. எந்தச் சாயம் எவ்வளவு போட்டால் வளைகோடு எப்படி வரும் என்பதற்கு 1931-லிருந்து குபெல்கா - முங்க் சமன்பாடு இருக்கிறது. தெரியாதவை மூன்று சாயங்களின் அளவு, கையில் இருப்பவை மூன்று எண்கள். எனவே எங்கள் சாயங்களைக் கற்ற செயலி எங்கள் துணியைப் பார்த்தால் ஏறக்குறைய சரியாகவே சொல்லும். காலருக்குப் போட்ட நீலம் வேறு நீலம். செயலி அதை அறியாது. தனக்குத் தெரிந்த சாயங்களில் அந்த மூன்று எண்களைத் தரும் வளைகோட்டை வரைந்து கொடுத்துவிட்டது. கடைகளில் எரியும் டிஎல்84 வகை டியூப் லைட் எல்லா அலைநீளத்திலும் சமமாக ஒளி விடுவதில்லை. 436, 545, 611 நானோமீட்டரை ஒட்டி மூன்று கூரான உச்சங்களில்தான் அதன் ஒளியின் பெரும்பகுதி குவிந்திருக்கிறது. இரண்டு நீலங்களும் எங்கே வேறுபட்டனவோ அங்கே அந்த உச்சங்கள் வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டன. ஆலிவ், காக்கி, சாம்பல் ஆகிய ஷேடுகளில் இந்த ஆபத்து மிக அதிகம். மூன்று சாயங்களும் அவற்றில் கணிசமாகச் சேர்கின்றன.

வெள்ளைத் துணியில் இன்னொரு சிக்கல். வெண்மையூட்டி ஏற்றிய பனியன் துணியை ஸ்பெக்ட்ரோவில் வைத்தால் நீலப் பகுதியில் அளவு நூறு சதவீதத்தைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவதால் அப்படி. சாதாரண எல்ஈடி வெளிச்சத்தில் புறஊதா அநேகமாக இல்லை, அதனால் அதே துணி அங்கே மங்கிப்போகும். போட்டோவின் மூன்று எண்களில், எவ்வளவு நீலம் பிரதிபலித்தது, எவ்வளவு நீலம் துணியிலேயே பிறந்தது என்று பிரித்துச் சொல்லும் தடயமே கிடையாது. வெள்ளைக்குப் படத்தை நம்பவே நம்பாதீர்கள்.

படம் எடுக்கும்போதே நடக்கும் மாற்றமும் சிறிதல்ல. ஒரு பச்சைத் துணியைச் சிவப்பு மேசை மீதும், பிறகு வெள்ளைத் தாள் மீதும் வைத்துப் படமெடுத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் கேமராவின் தானியங்கி வெண்சமநிலை இரண்டு படத்திலும் துணியின் நிறத்தை வெவ்வேறாகத் திருத்தியிருக்கும்.

துணி வந்து சேர முடியாத நெருக்கடியில் கேமராவைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், வெண்சமநிலையையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். ஜேபெக் வேண்டாம், சென்சார் தந்ததைத் திருத்தாமல் வைக்கும் ரா கோப்பாக எடுங்கள். 24 கட்ட வண்ண அட்டை அதே படத்தில் இருக்கட்டும். விளக்கை மாற்றி மாற்றிப் பார்க்கும் லைட் பாக்ஸில் டி65 எனும் பகல் வெளிச்சம், டிஎல்84, குண்டு பல்பு மூன்றிலும் தனித்தனியாக எடுத்தால் மூன்று எண்களுக்குப் பதில் ஒன்பது எண்கள் கிடைக்கும். ஊகத்தின் இடம் சுருங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்த்தரப்புப் பட்டறையிடம் என்னென்ன சாயம் போட்டார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு போன் அழைப்பை நாங்கள் செய்திருந்தால் அன்று உடல் துணி தப்பியிருக்கும். இறுதி ஒப்புதல் எப்போதும் துணியைத் துணியோடு வைத்து, எல்லா விளக்கிலும் பார்த்த பிறகுதான்.

அந்தக் காலரிலும் உடல் துணியிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஆய்வக அலமாரியில் வைத்திருக்கிறேன். படத்திலிருந்து நிறமாலை தருகிறோம் என்று யார் எந்தச் செயலியோடு வந்தாலும் முதலில் அந்த அட்டையை டி65 வெளிச்சத்தில் படமெடுக்கச் சொல்கிறேன். ஸ்பெக்ட்ரோவில் 600 நானோமீட்டருக்கு மேல் அந்த இரண்டு வளைகோடுகளும் தெளிவாகப் பிரிந்து ஓடுகின்றன. ஒற்றைப் படத்தைப் பார்த்த செயலிகள் இதுவரை இரண்டு துண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வளைகோட்டைத்தான் கொடுத்திருக்கின்றன.