டோக்கன்: வில்லையா, உரைத்துண்டா?

லாங்குவேஜ் மாடல் ஏபிஐ (உரை எழுதற ஏஐ மாடல நம்ம புரோகிராம்லேருந்து கூப்பிடற வழி) பத்தி தமிழ்ல டுடோரியல் எழுத ஆரம்பிச்சா முதல் எடுத்துக்காட்டு முடியறதுக்குள்ளயே 'டோக்கன்' ரெண்டு தடவ வந்துடும், ரெண்டும் வேற வேற பொருள்ல. நிறைய ஏபிஐல ரிக்வெஸ்ட் ஹெட்டர்ல (அனுப்பற கோரிக்கையோட தலைப்பகுதி) 'பேரர்'னு போட்டு பக்கத்துல நீளமா ஒரு ரகசிய சரம் (கீ) வைக்கிறோம்ல, அதுவும் டோக்கன். அதுக்குக் கீழயே பதில் அதிகபட்சம் எவ்வளவு நீளம் போகலாம்னு சொல்ல 'மேக்ஸ் டோக்கன்ஸ்' 500னு ஒரு பராமீட்டர் கொடுக்கறோம், அதுவும் டோக்கன். ரெண்டையும் விளக்காம அப்படியே எழுதிட்டுப் போனா, "அப்போ என் கீ 500 எழுத்துக்கு மேல இருக்கக்கூடாதா"னு ஒருத்தர் கேக்கத்தான் செய்வாரு, அவர் மேல தப்பே இல்ல.

சொல்லோட வேர் ரொம்ப பழசு. பழைய ஆங்கிலத்துல 'டாக்கென்', அடையாளம் இல்லனா குறினு அர்த்தம். ஜெர்மன்ல இன்னைக்கும் குறிக்கு 'ட்ஸைஷன்'னு சொல்றாங்களே, அது இதோட சகோதரி. இன்னும் பின்னாடி போனா 'காட்டு'ங்கற பொருள் உள்ள வேர்ல போய் நிக்கும், சொல்லிக்கொடுக்கறதுக்கு இங்கிலீஷ்ல இருக்கற 'டீச்' கூட அதே வேர்தான் (டுடோரியல் எழுதறவங்களுக்கு தூரத்து சொந்தம்னு வச்சுக்கலாம்). 17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல சில்லறைக் காசு கிடைக்காம வியாபாரிங்களே உலோகத் துண்டுல முத்திரை குத்தி காசு மாதிரி புழக்கத்துல விட்டாங்க, அதுக்கும் டோக்கன்னுதான் பேரு. நாம பேச்சுத் தமிழ்ல வரிசைக்கு கொடுக்கற நம்பர் சீட்ட டோக்கன்னு சொல்றது இந்த வழியில வந்ததுதான், 'இவருக்கு உரிமை இருக்கு'னு காட்டற ஒரு பொருள்.

ஹெட்டர்ல வைக்கற டோக்கன் இந்தக் கிளையச் சேர்ந்தது. பேரர்னா கையில வச்சிருக்கறவர், அதாவது யார் கையில இருக்கோ அவருக்கே அனுமதி, ஆள் யாருன்னு சர்வர் வேற எதுவும் கேக்காது. ஓஆத் 2.0ங்கற அனுமதி கொடுக்கற நெறிமுறைல இந்த முறைக்கான வரையறை 2012ல வெளிவந்துச்சு. இதுக்கு தமிழ்ல கச்சிதமான சொல் ஒண்ணு ஏற்கனவே இருக்கு: வில்லை. அந்தக் காலத்துல அதிகாரத்தக் காட்டற பட்டயத்த மார்புல மாட்டிக்கிட்டு வர சேவகனுக்கு வில்லைச்சேவகன்னு பேரு, அகராதிலயே இருக்கு. தபால் தலைக்கு அஞ்சல் வில்லைன்னும் சொல்றோம். காட்டுனா கதவு தொறக்கும், அதனால 'அனுமதி வில்லை'னு எழுதினா படிக்கறவருக்கு வேலையே புரிஞ்சிடும், இத மத்தவங்ககிட்ட கொடுக்கக்கூடாது, கோட்ல நேரா எழுதி வைக்கக்கூடாதுன்னு தனியா பாடம் எடுக்கற வேலையும் பாதி குறையும்.

சிக்கல் என்னன்னா வில்லைய எடுத்துட்டுப் போய் மாடலோட டோக்கனுக்கும் ஒட்டிடறாங்க. அது வேற கிளை. மொழியியல்லயும் தத்துவத்துலயும் 'டைப்', 'டோக்கன்'னு ஒரு பிரிவினை உண்டு, சார்ல்ஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் 1906ல போட்டது. "வந்தான் வந்தான் என்று மறுபடி வந்தான்"னு ஒரு வரி இருந்தா அதுல டைப் 3, டோக்கன் 5, ஏன்னா 'வந்தான்' ஒரே சொல்தான் ஆனா மூணு தடவ நேர்ல வந்து நிக்குது. அப்புறம் கம்பைலர் (கோட கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி மாத்தற புரோகிராம்) எழுதினவங்க கையில சொல் மாட்டுச்சு, "நீளம் = அகலம் + 5"னு ஒரு வரிய கம்பைலர் படிக்கும்போது பேர், சமக்குறி, பேர், கூட்டல் குறி, எண்ணுன்னு 5 துண்டா பிரிச்சுக்கும், ஒவ்வொண்ணும் ஒரு டோக்கன். இங்க உரிமையும் இல்ல அனுமதியும் இல்ல, வெறும் துண்டுதான்.

மாடல் உரைய படிக்கறதும் எழுதறதும் துண்டு துண்டாத்தான், ஆனா மாடல் டோக்கன் இதுக்கும் ஒரு படி கீழ. பைட் பேர் என்கோடிங்னு ஒரு முறை, பிலிப் கேஜ் 1994ல டேட்டாவ சுருக்கறதுக்காக எழுதினது. அடிக்கடி பக்கத்துல பக்கத்துல வர ஜோடிய ஒண்ணா சேத்து புது குறி ஆக்கு, திரும்ப அதையே செய், அவ்வளவுதான். பின்னாடி அத மொழிபெயர்ப்பு ஆராய்ச்சிக்கு எடுத்தாங்க, 2019ல வந்த ஓபன்ஏஐயோட ஜிபிடி-2 மாடல் அத பைட் (எழுத்த கம்ப்யூட்டர் சேமிக்கற சின்ன அலகு) அளவுல பண்ணி 50,257 துண்டு உள்ள பட்டியல் ஒண்ணு வச்சுக்கிச்சு. இலக்கணம் எதுவும் இதுல கிடையாது, முழுக்க எண்ணிக்கைதான். அதனால 'டோக்கன்னா சொல்'னு எழுதறது தப்பு. 'அசை'னும் சிலர் எழுதலாம், அதுவும் ஒத்து வராது. நன்னூல் வழில உறுப்புன்னு சொல்லத் தோணும், படித்தான்ங்கறத படி + த் + த் + ஆன்னு பிரிக்கற அழகு அதுல இருக்கு, ஆனா உரைய டோக்கனா வெட்டற டோக்கனைஸருக்கு பகுதியும் தெரியாது விகுதியும் தெரியாது, பட்டியல்ல இருக்கற மாதிரி வெட்டிட்டுப் போகும்.

எழுத்துக்கு நடுவுலயே கூட வெட்டும், இங்கதான் தமிழ் டுடோரியலுக்குன்னு தனி பாடம் வேணும். 'தமிழ்'னு எழுதினா நம்ம கண்ணுக்கு 3 எழுத்து. பைதான்ல நீளம் கேட்டா 5னு சொல்லும், ஏன்னா யூனிகோட்ல (எழுத்துக்கு எண் கொடுக்கற தரம்) இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி. யுடிஎஃப்-8ல (அந்த எண்ண பைட்டா சேமிக்கற முறை) இதுல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், ஆக 15 பைட். பட்டியல்ல பொருத்தமான ஜோடி எதுவுமே சேரலனா மூணு எழுத்து சொல்லுக்கு 15 டோக்கன் வரைக்கும் போகலாம். ஒவ்வொரு டோக்கனையும் தனியா திரும்ப எழுத்தா மாத்தி (டீகோட்) பிரிண்ட் போட்டா கேள்விக்குறி வச்ச கறுப்பு டைமண்ட் வரதும் இதனாலதான், பாதி எழுத்து மட்டும் வந்திருக்கும், ஃபாண்ட மாத்திப் பாத்து பிரயோஜனம் இல்ல.

100 டோக்கன் சுமார் 75 சொல்லுங்கற கணக்கு இங்கிலீஷுக்குப் போட்டது, அத அப்படியே தமிழாக்கம் பண்ணி தமிழ் படிக்கறவங்களுக்குக் கொடுக்கறது ரொம்ப மோசம். ஓபன்ஏஐ 2024ல ஜிபிடி-4ஓ வெளியிட்டப்ப ஒரு மாதிரி வாசகத்த பல மொழில காட்டினாங்க, பழைய டோக்கனைஸர்ல தமிழுக்கு 116 டோக்கன், புதுசுல 35. அதே வாசகம் இங்கிலீஷ்ல 27லேருந்து 24. அப்போ மாடல் மாறினா கணக்கும் மாறும், பில்லும் மாறும், 'மேக்ஸ் டோக்கன்ஸ்' போதாம பதில் பாதி வாக்கியத்துல நிக்கற இடமும் மாறும். டுடோரியல்ல நிலையான ஒரு எண்ண எழுதறதுக்கு பதிலா, பதிலோட சேந்து வர 'யூசேஜ்' பகுதிய பிரிண்ட் பண்ணிக் காட்டறதுதான் சரி, உள்ள போன டோக்கன் எத்தன, வெளிய வந்தது எத்தனனு அதுலயே இருக்கும், பெரும்பாலும் வெளிய வரதுக்குதான் ரேட் அதிகம்.

அப்போ தமிழ்ல என்ன எழுதலாம்? என் தேர்வு 'உரைத்துண்டு'. 'அலகு'னு எழுதினா அளவு நிலையா இருக்கற மாதிரி தோணும், துண்டுக்கு அந்த பிரச்சன இல்ல, பெருசும் இருக்கலாம் சிறுசும் இருக்கலாம். வினையாக்கறதும் சுலபம்: டோக்கனைஸர் துண்டாக்கி, டோக்கனைசேஷன் துண்டாக்கம். முதல் தடவ 'டோக்கன், அதாவது உரைத்துண்டு'னு அறிமுகப்படுத்திட்டு அப்புறம் பேச்சு ஓட்டத்துக்கு டோக்கன்னே எழுதினாலும் தப்பில்ல, ஹெட்டர்ல வரத மட்டும் எப்பவும் வில்லைன்னே வச்சுக்கணும், ரெண்டும் ஒரே பக்கத்துல கலக்காது. பராமீட்டர் பேரையும் ஃபீல்ட் பேரையும் மட்டும் மொழிபெயர்க்க வேணாம், காப்பி பண்ணிப் போடறவருக்கு எரர்தான் வரும்.