கீமோ எடுக்குறவங்ககிட்ட கர்மா பேசாதீங்க ப்ளீஸ்

மறுபடியும் ஒரு அம்மா. மார்பகப் புற்றுநோய், கீமோ போயிட்டிருக்கு, ரெண்டு நாளா காய்ச்சல், வீட்ல யாருகிட்டயும் மூச்சு விடல. ஏம்மான்னு கேட்டா "என் கர்மா சிஸ்டர், அனுபவிச்சுத்தானே தீரணும், புத்தரே சொல்லியிருக்காரே, அதான் தியானத்துல உட்கார்ந்துட்டேன்"ங்கிறாங்க. இதையே எத்தனை பேர் வாயில கேக்குறது?

புத்தர் அப்படிச் சொல்லலைங்க. புத்தர் உபதேசங்களோட தொகுப்பான சம்யுத்த நிகாயத்துல சீவக சுத்தம்னு ஒண்ணு இருக்கு (சுத்தம்னா இங்க உபதேசம்). நாம அனுபவிக்கிறது எல்லாமே முன்வினைதான்னு சிலர் சொல்றாங்களே, நீங்க என்ன சொல்றீங்கன்னு சீவகர்ங்கிற துறவி புத்தர்கிட்ட நேராவே கேக்குறார். பித்தம், கபம், வாதம், மூணும் சேர்றது, பருவ மாற்றம், உடம்பைச் சரியா பாத்துக்காதது, வெளியிலேர்ந்து வர்ற அடி, இப்படி ஏழு காரணம் சொல்லிட்டு எட்டாவதாத்தான் வினையைச் சொல்றார், எல்லாமே வினைங்கிறது தப்புன்னும் சொல்லிடுறார். அப்புறம் கேன்சர் வந்த பொண்ணைப் பாத்து "போன ஜென்மத்துல என்ன பண்ணியோ"ன்னு சொல்ல உங்களுக்கு யாரு உரிமை கொடுத்தா? கர்மான்னு நம்புறவங்க வலியை மறைக்கிறாங்க, காய்ச்சலை மறைக்கிறாங்க, அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

சல்லத்த சுத்தம்ங்கிற இன்னொரு உபதேசத்துல புத்தர் ரெண்டு அம்பு சொல்வார். உடம்பு வலி முதல் அம்பு. "முடி போச்சு, மார்பு போச்சு, குடும்பத்துக்கு பாரமாயிட்டேன்"னு மனசு தானா குத்திக்கிறது ரெண்டாவது. நாங்க சொல்லித்தர்ற தியானம், மைத்ரி (எல்லாருக்கும் நலம் வேண்டுற பயிற்சி) எல்லாம் அந்த ரெண்டாவதுக்குத்தான். பதட்டம் குறையும், கட்டி கரையாது. முதல் அம்புக்கு மருந்து இருக்கு, கேளுங்க.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டா உடனே ஆஸ்பத்திரியைக் கூப்பிடணும், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, நீங்களா பாராசிட்டமால் போட்டு அமுக்கவும் கூடாது. தியானத்துல மூச்சைக் கவனிச்சா சிலருக்குக் குமட்டல் கூடும், அப்போ விட்டுடுங்க, பாதம் தரையில படுறதைக் கவனிங்க. கண்ணை மூடினா பயமா இருந்தா திறந்தே இருக்கட்டும். அஞ்சு நிமிஷம் போதும். மைத்ரி சொல்லும்போது புள்ளைங்க, வீட்டுக்காரர்னு ஊருக்கெல்லாம் நலம் வேண்டிட்டு தன்னை விட்டுடுறாங்க பொம்பளைங்க, உங்ககிட்டேர்ந்து ஆரம்பிங்கம்மா.

கூட வேலை பாக்குற நர்ஸுங்களுக்கும் ஒண்ணு. பேஷன்ட் விரும்புறாங்களான்னு கேக்காம இந்தத் தியானத்தை ஆரம்பிக்காதீங்க, வேற மதம்னா திணிக்கவே திணிக்காதீங்க. பௌத்தத் துறவிகளுக்கான விதிநூல் மகாவக்கத்துல நல்ல செவிலிக்கு அஞ்சு குணம் சொல்லியிருக்கு, வாந்தி, மலத்தைப் பாத்து அருவருக்காம இருக்கிறது அதுல ஒண்ணு, தம்மம், அதாவது புத்தர் போதனையைப் பேசித் தேத்துறதும் ஒண்ணு. அதே இடத்துல நோயாளிக்கும் அஞ்சு இருக்கு. மருந்து எடுத்துக்கணும், நோய் கூடுதா குறையுதா அப்படியே இருக்கான்னு பாத்துக்கிறவங்ககிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லணும், இதுக்கெல்லாம் அப்புறம்தான் கடைசியா பொறுத்துக்கிறது வருது. நீங்க அந்தக் கடைசியை மட்டும் பிடிச்சுக்கிட்டா எப்படி?

வீட்ல இருக்கிறவங்களே, விதி, பாவம்னு பேசாம இன்னைக்கு வலி எவ்ளோ, வாய்ல புண்ணு இருக்கா, சாப்பிட முடியுதான்னு தினமும் கேளுங்க. அவங்க "ஒண்ணுமில்ல"ன்னாலும் தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க.