பண்டிகைக் காலை பிரட் பேக்: இரவே ஊறவைக்கலாமா?

பாம்பே டோஸ்ட் தெரியாத வீடு நம் பக்கம் குறைவு. முட்டை, பால், சீனி மூன்றையும் அடித்து, பிரட்டை முக்கி, தோசைக்கல்லில் நெய் விட்டுப் புரட்டினால் முடிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘பேன் பெர்தூ’ என்பார்கள். வீணாய்ப்போன ரொட்டி என்று பொருள். காய்ந்த ரொட்டியைக் காப்பாற்றக் கண்டுபிடித்த பண்டம்தான் இது. அதையே துண்டு துண்டாகச் சுடாமல், ஒரே ட்ரேயில் அடுக்கி, பட்டையும் ஜாதிக்காயும் மணக்க ஓவனில் வைத்தெடுத்தால் பண்டிகைப் பலகாரம். கிறிஸ்துமஸ் காலையோ பெருநாள் காலையோ, எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் சூடாகப் பரிமாறலாம்.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை, ‘முதல் நாள் இரவே ஊறவைத்துவிடுங்கள், காலையில் ஓவனில் தள்ளினால் போதும்’ என்கின்றன. அது குளிர் நாட்டுச் சமையலறைக்கு எழுதிய வரி. பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டி இருக்கும் நம் சமையலறைக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டு வகையில் கெடும். ஒன்று வயிறு, மற்றது பிரட்.

முதலில் வயிறு. பச்சை முட்டை, பால், சீனி, ஈரமான பிரட் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும் தட்டு, கிருமிக்கு விரித்துவைத்த விருந்து. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். இந்த வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த முட்டைக் கலவையை, மணம் நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. மார்கழி இரவிலும் நம் கரையில் வெப்பம் 25 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் கலக்கி, மேசைமேல் மூடிவைத்துவிட்டு, திரும்பி வந்து ஃப்ரிட்ஜில் வைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பிறகு எவ்வளவு குளிரவைத்தாலும், அதற்குள் பெருகியது பெருகியதுதான்.

நேரே ஃப்ரிட்ஜில் வைத்தாலும் கவலை தீராது. பண்டிகை இரவில் ஃப்ரிட்ஜ் கறியும் மீனும் மாவுமாக நிறைந்திருக்கும். காற்று ஓட இடமிருக்காது. கதவு ஓயாமல் திறக்கும். இரண்டு கிலோ எடையுள்ள ட்ரே ஒன்றின் நடுப்பகுதி குளிரவே பல மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் கரண்ட் போனால், கதவைத் திறக்காமல் வைத்திருந்தால்கூட சுமார் நான்கு மணி நேரம்தான் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியைத் தாங்கும். தூக்கத்தில் கரண்ட் போய் வந்ததா என்று தெரிய வேண்டுமா? மைக்ரோவேவில் நேரம் காட்டும் எண்கள் அணைந்து அணைந்து எரிந்தால், போயிருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதை அது சொல்லாது. சந்தேகம் என்றால் கொட்டிவிட வேண்டியதுதான். ஆறு முட்டையின் விலைதான் நட்டம்.

இனி பிரட். இரவு முழுவதும் ஊறவைக்கச் சொல்வது, மேல்தோல் தடித்த, இறுகிய வெளிநாட்டு ரொட்டிகளுக்காக. நம் பேக்கரி பால் பிரட் பஞ்சுபோல இருக்கும். எட்டு மணி நேரம் ஊறினால் கூழாகிவிடும். காய்ந்த பால் பிரட்டுக்கு 30 நிமிடமே தாராளம். ஆக, இரவே ஊறவைப்பதால் நமக்கு மிச்சமாவது காலையில் அரை மணி நேரம்தான். அதற்காக இவ்வளவு ஆபத்தை வாங்க வேண்டியதில்லை.

இரவில் செய்யக்கூடியது வேறு. பிரட்டைக் காயவைத்து டப்பாவில் அடையுங்கள். சீனியையும் மசாலாப் பொடியையும் கலந்து பாட்டிலில் வையுங்கள். மேலே தூவும் உதிரியைப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். முட்டையை மட்டும் உடைக்காதீர்கள். காலையில் கலக்கப் பத்து நிமிடம், ஊற அரை மணி. அதற்குள் ஓவன் சூடேறிவிடும்.

அளவுகள்

எட்டுப் பேருக்கு 400 கிராம் பால் பிரட் ஒன்று, முட்டை 6, காய்ச்சி ஆறிய பால் 550 மில்லி, சீனி 90 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. மசாலாவுக்குப் பட்டைப் பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, ஏலப்பொடி அரை, சுக்குப் பொடி அரை, துருவிய ஜாதிக்காய் கால், கிராம்புப் பொடி ஒரு சிட்டிகை. கிராம்பில் கை தாராளமானால் நாக்கு மரத்துப்போய் மற்ற வாசனை எதுவும் தெரியாது. ஜாதிக்காயையும் அளவோடுதான் போட வேண்டும்; அளவு மீறினால் தலைசுற்றல், வாந்தி வரை கொண்டுபோகும். கடையில் பட்டை என்று வாங்குவது பெரும்பாலும் கேசியா. தடித்து, மரப்பட்டைபோல முரடாக இருக்கும். இலங்கைப் பட்டை காகிதம்போல மெல்லிய சுருள்கள் பல அடுக்காக இருக்கும். கேசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். நாள்தோறும் தேக்கரண்டிக் கணக்கில் சாப்பிட்டால் ஈரலுக்கு நல்லதல்ல. பண்டிகைக்கு ஒரு நாள் சாப்பிடுவதில் பயமில்லை.

பட்டைப் பொடியை நேரே பாலில் கொட்டினால் கரையாது, கட்டியாக மிதக்கும். கடைசியில் ட்ரேயின் ஒரு மூலையில் மட்டும் கரிய திட்டாக நிற்கும். முதலில் சீனியோடு கலந்து, பிறகு முட்டையில் அடித்து, கடைசியாகப் பாலை ஊற்றினால் சீராகப் பரவும்.

மேலே தூவ மைதா 50 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம், பொடித்த கருப்பட்டி 50 கிராம், உடைத்த முந்திரி ஒரு கைப்பிடி. விரல் நுனியால் உதிரியாகப் பிசைய வேண்டும். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் உருகி மாவு உருண்டையாகிவிடும். ஓவனுக்குள் போகும் அந்த நிமிடம்தான் இதைத் தூவ வேண்டும். முன்பே தூவினால் ஈரம் ஏறி மொறுமொறுப்பு போய்விடும்.

பாலுக்குள்ளேயே கருப்பட்டியைச் சேர்க்கலாமே என்று சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டு மண்ணில் பிறந்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பசும்பாலில் கருப்பட்டியைப் போட்டுச் சூடேற்றினால் திரிந்துபோக வாய்ப்பு அதிகம். பேக் வெட்டும்போது தயிர்போலக் குருணை குருணையாக நிற்கும். தேங்காய்ப்பாலில் அந்தத் தொல்லை இல்லை. கீழக்கரைத் தொதல் அல்வாவும், முட்டை சேர்த்து அவிக்கும் பெருநாள் வட்டலப்பமும் தேங்காய்ப்பாலையே நம்பி நிற்பதில் இந்த வசதியும் இருக்கிறது. ஆகவே கருப்பட்டி வேண்டுமென்றால் பாலுக்குப் பதில் 500 மில்லி தேங்காய்ப்பால் எடுங்கள். சீனிக்குப் பதில் 110 கிராம் கருப்பட்டியைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மணல் போக வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகு சேருங்கள். சூடாக ஊற்றினால் முட்டை அங்கேயே வெந்து நூல் நூலாகும். பிழிந்த தேங்காய்ப்பால் வெளியில் வைத்தால் பாலைவிட வேகமாகப் புளிக்கும். அன்று காலையில் பிழிந்ததாகவே இருக்கட்டும். பிழிய ஊற்றும் தண்ணீரும் குடிதண்ணீராக இருக்க வேண்டும். போர் தண்ணீர் உவர்ப்பு என்றால் உப்பு அளவே கெட்டுப்போகும்.

கருப்பட்டிதானே, சர்க்கரை நோயாளிக்கும் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. தவறு. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனிச் சத்தே. உள்ளே 110, மேலே 50 என்று 160 கிராமை எட்டுப் பங்காக்கினால் ஆளுக்கு 20 கிராம். அதற்கு மேல் பிரட்டும் மாவும் இருக்கின்றன.

பிரட்டும் முட்டையும்

மழைக்காலத்தில் பிரட்டை ‘வெளியில் வைத்தால் காயும்’ என்பது நம் கரையில் நடக்காது. காற்றிலேயே ஈரம், பிரட் தோல்போல இழுக்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் பூசணம் பிடிக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைக்கும், ஆனால் அது காய்வதல்ல. 3 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, 150 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டி வாட்டுங்கள். நிறம் மாற வேண்டாம். மேலே தொட்டால் மொரமொரப்பாகவும் அழுத்தினால் கொஞ்சம் மெத்தென்றும் இருந்தால் போதும். முழுக்க ஆறிய பிறகே டப்பாவை மூட வேண்டும். ஒரு துண்டில் பச்சைப் பூசணம் தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் பிய்த்தெறிவது பயனில்லை, முழு பிரட்டையும் எறிய வேண்டும். பூசண இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். சில பூசணங்கள் விடும் நஞ்சு ஓவன் சூட்டிலும் அழியாது.

முட்டை தண்ணீரில் மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று பார்ப்பது முட்டையின் வயதைச் சொல்லும். வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. கீறல் விட்ட முட்டை வேண்டாம். ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேருங்கள். உடைத்த கையோடு ஏலப்பொடி டப்பாவைத் தொடாமல், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஓவன்

20க்கு 30 சென்டிமீட்டர் ட்ரே, ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். வெண்ணெய் தடவி, துண்டுகளைப் பரப்பி, கலவையை ஊற்றி, கரண்டியால் மெல்ல அழுத்தி, மூடி 30 நிமிடம் ஊறவிடுங்கள். ஒரு துண்டைப் பிட்டுப் பாருங்கள்: நடுவில் வெள்ளையாக உலர்ந்திருந்தால் இன்னும் பத்து நிமிடம். உதிரியைத் தூவி, ஃபாயிலால் தளர்வாக மூடி, 180 டிகிரியில் 25 நிமிடம். பிறகு ஃபாயிலை எடுத்து மேலும் 15 முதல் 20 நிமிடம். காற்றாடி ஓடும் கன்வெக்‌ஷன் ஓவன் என்றால் 160 போதும்.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது 25 லிட்டரை ஒட்டிய ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த சிறு மின் அடுப்பு). அதில் மேல் கம்பி ட்ரேயை முட்டுவதுபோல நிற்கும். இருபது நிமிடத்தில் மேலே பொன்னிறமாகிவிடும், நடுவில் பச்சை முட்டை அப்படியே கிடக்கும். நிறத்தைப் பார்த்து இறக்குவதுதான் இந்தப் பலகாரத்தில் நடக்கும் பெரிய தவறு. ட்ரேயைக் கீழ்த்தட்டில் வையுங்கள். நடுப்பகுதி குறைந்தது 71 டிகிரியைத் தொட வேண்டும். 75 முதல் 80க்குள் இறக்கினால் பதம் சரி. ஊசி வைத்த சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவைப்பது நல்லது, கறிக்கும் உதவும். அது இல்லையென்றால் கத்தியை நடுவில் குத்தி லேசாக விரித்துப் பாருங்கள். பால்நிறத் தண்ணீர் ஊறி வந்தால் வேகவில்லை. ட்ரே ஓரத்தில் தெளிந்த தண்ணீர் நின்றால் அது வேறு விஷயம்: வெப்பம் மிஞ்சி முட்டை இறுகி நீர் விட்டிருக்கிறது.

சொன்ன நேரத்தில் வேகவில்லை என்றால் செய்முறையைத் திட்டாமல் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட்டுக்குப் பதில் 200 வந்தால், கம்பி தரும் வெப்பம் ஏறக்குறைய கால்வாசி குறைந்துவிடும். பண்டிகைக் காலையில் தெருவே மோட்டாரும் ஓவனும் போடும்போது இது நடக்கக்கூடியதுதான். இன்னொன்று, 1500 வாட்டுக்கு மேற்பட்ட ஓ.டி.ஜி.க்கு 6 ஆம்பியர் பிளக் ஆகாது, 16 ஆம்பியர் வேண்டும். உப்புக்காற்றில் பிளக் பின்கள் பச்சை பூத்திருக்கும். பிடி தளர்ந்தால் அங்கேதான் சூடேறி உருகும். வருடத்தில் இரண்டு முறை வெளியே எடுக்கும் ஓவனை, பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பே வெறுமனே ஓடவிட்டுப் பாருங்கள்.

கண்ணாடி ட்ரேயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனில் வைத்தால் வெடிக்கலாம். அலுமினிய ட்ரேயில் அந்தப் பயமில்லை.

ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் தண்ணீரில்லாமல் சுடும் வித்தையில் இறங்க வேண்டாம். ரப்பர் வளையமும் வால்வும் கெடும். வட்டலப்பம் வைப்பதுபோல இட்லிப் பானையில் மூடி, சிறு தீயில் 40 நிமிடம் அவித்துவிடலாம். தீ அதிகமானால் உள்ளே ஓட்டை ஓட்டையாகும். மூடியிலிருந்து நீர் சொட்டாமல் தட்டின்மேல் ஃபாயில் கட்டுங்கள். அவித்ததை ஆறவைத்து, வில்லைகளாக வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரு பக்கமும் சிவக்க எடுத்தால் ஓவனில் சுட்டதைவிட இதுதான் ருசி என்பவர்களும் உண்டு. இதற்கு உதிரி தேவையில்லை, வறுத்த முந்திரி போதும்.

இறக்கியதும் பத்து நிமிடம் பொறுத்து வெட்டுங்கள். மேலே ஊற்றக் கருப்பட்டிப் பாகு. தேன் ஊற்றுவதென்றால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. அண்டை வீட்டுக்குப் பலகாரத் தட்டில் அனுப்பும்போது முட்டையும் முந்திரியும் இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள். முட்டை சேர்க்காதவர்களும் முந்திரி ஒவ்வாதவர்களும் அந்த வீட்டில் இருக்கலாம். மிச்சத்தை ஹாட்பாக்ஸில் மதியம் வரை வைக்க வேண்டாம், அது கிருமிக்கு ஏற்ற இளஞ்சூட்டில்தான் வைத்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், அடுத்த இரண்டு நாளுக்குள் தீர வேண்டும். சாப்பிடும்போது தோசைக்கல்லில் மூடிபோட்டு, நடுவில் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள்.