மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பட்டைக்கு என்ன நடக்கும்?

மருதமுனையில் உயர்தரத்துக்கு உயிரியல் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: "அதிரீனலில் கோர்ட்டெக்ஸ், மூளையில் கோர்ட்டெக்ஸ், சிறுநீரகத்தில், வேரில் என்று எங்கே பார்த்தாலும் கோர்ட்டெக்ஸ். வாப்பாவின் மாத்திரையைக்கூட டொக்டர் கோர்ட்டிகோஸ்டீரொயிட் என்கிறார். இதெல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தமா?"

இலத்தீனில் கோர்ட்டெக்ஸ் என்றால் மரப்பட்டை. ஒரு முருங்கைக் கிளையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் நிறத் தோல், அதன் கீழே ஈரப் பச்சை, அப்புறம் வெள்ளைத் தண்டு. உறுப்புகளை வெட்டிப் பார்த்த பழைய மருத்துவர்கள், வெளியே ஒரு படையும் உள்ளே வேறொன்றும் தெரிந்த இடத்திலெல்லாம் இந்தப் பெயரையே வைத்தார்கள். நம் பாடப்புத்தகம் அதை மேற்பட்டை என்கிறது. மருந்து நூல்களில் கறுவாப்பட்டைக்கும் கோர்ட்டெக்ஸ்தான். போர்த்துக்கீசர் தக்கையைச் சொல்லும் 'கோர்ட்டிசா'வும் இதே வேர். மூளையின் மேற்பட்டைக்கும் அதிரீனலின் மேற்பட்டைக்கும் பெயர்தான் ஒன்று, தொழில் வேறு. ஆனால் வாப்பாவின் மாத்திரை, அந்தக் கோர்ட்டிகோஸ்டீரொயிட், உண்மையிலேயே அதிரீனல் பட்டையின் பிள்ளை.

சிறுநீரகங்களின் மேல் ஆளுக்கொன்றாய் உட்கார்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பியில் பெரும்பங்கு மேற்பட்டைதான். அதில் மூன்று படைகள். வெளிப்படை உப்பைக் கவனிக்கும் அல்டொஸ்டெரோனைச் சுரக்கும். நடுப்படையில் இருந்துதான் கோர்ட்டிசோல். உட்படை ஆண்பால் ஓமோன்களைக் கொஞ்சம் தரும். 1930களில் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டலும் சுவிற்சர்லாந்தில் டேடியஸ் ரைக்ஸ்டைனும் மாட்டுச் சுரப்பிகளில் இருந்து இந்தப் பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். 1948இல் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு, கோர்ட்டிசோலின் நெருங்கிய உறவான கோர்ட்டிசோனைக் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் மூவருக்கும் நோபல். இடைப்பட்ட அத்தனை வருடமும் "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டுக் காசை நிறுத்தியிருந்தால் இந்த மருந்தே இல்லை. நம் நாட்டில் ஆய்வுக்குப் பணம் கேட்டால் முதலில் வருவது அந்தக் கேள்விதான். அது எனக்குப் பெரிய மனவருத்தம்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இந்தப் பட்டை தன் இஷ்டத்துக்குச் சுரப்பதில்லை. மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பி ஏசிடிஎச் என்ற ஓமோனை அனுப்பினால்தான் கோர்ட்டிசோல் வரும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். வயல் காய்ந்தால், தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை வாய்க்காலைத் திறப்பார், நிறைந்தால் அடைப்பார். கபச்சுரப்பி செய்வதும் அதுதான். இரத்தத்தில் கோர்ட்டிசோல் குறைந்தால் ஏசிடிஎச் கூடும், கூடினால் குறையும். காலையில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம்.

இப்போது வெளியில் இருந்து, கோர்ட்டிசோலைப் போலவே வேலை செய்யும் பிரெட்னிசொலோன் மாத்திரை வருகிறது. உடல் ஒரு நாளில் தானே சுரக்கும் கோர்ட்டிசோலின் வேலையை ஏறத்தாழ 5 மில்லிகிராம் மாத்திரை செய்துவிடும். வருத்தத்துக்குத் தருவதோ பெரும்பாலும் அதைவிட அதிகம். வயலில் யாரோ பம்ப் வைத்து இறைத்த தண்ணீர் நிற்கிறது, வட்டவிதானைக்கு அது தெரியாது. நிறைந்துவிட்டது என்று வாய்க்காலை அடைத்துவிடுகிறார். ஏசிடிஎச் நின்றதும், அதை நம்பியிருந்த நடுப்படையும் உட்படையும் வாரக்கணக்கில் மெலிந்து சுருங்குகின்றன. ஓடாத வாய்க்காலில் புல் மண்டுகிறது. வெளிப்படைக்கு மட்டும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதற்குக் கட்டளை வருவது சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்ற பொருளின் வழியாக, வேறு மடையில் இருந்து. ஒரே பட்டைக்குள் ஒரு படை தப்ப, மற்ற இரண்டும் வாடுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

அந்த நேரத்தில் "சுகமாகிவிட்டது" என்று மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் பம்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை. களைப்பு, வாந்தி, இரத்த அழுத்தம் விழுதல் என்று வரும். அதோடு ஒரு காய்ச்சலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு டொக்டர் படிப்படியாகக் குறைக்கிறார். இழுப்புக்குப் பாவிக்கும் ஸ்டீரொயிட் இன்ஹேலரில், வழமையான அளவில், இந்தச் சிக்கல் அரிது. பயந்து அதை நிறுத்த வேண்டாம்.

என் கோபம் வேறிடத்தில். மூட்டுவலிக்குப் பெயரில்லாத பொடியை மடித்துக் கொடுப்பவர்கள், முகம் வெளுக்க என்று கிரீம் விற்பவர்கள். இவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருப்பது உண்டு. "கைராசிக்காரர், இரண்டு நாளில் வலி போய்விட்டது" என்று சனம் நம்புகிறது. படர்தாமரைக்கு அந்தக் கிரீமைப் பூசினால் சிவப்பு அடங்கும், பூஞ்சையோ படர்ந்துகொண்டே போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது?

வாடிய பட்டை மீளும். முதலில் கபச்சுரப்பி விழிக்கும், அதன் பின்னால் மேற்பட்டை மெல்லத் தடிக்கும். மாதங்கள் ஆகலாம். வாப்பாவுக்கு டொக்டர் காலை எட்டு மணிக்கு இரத்தம் எடுக்கச் சொன்னால் ஏன் அந்த நேரம் என்று யோசிக்காதீர்கள். கோர்ட்டிசோல் உச்சத்தில் இருக்க வேண்டிய வேளை அது. அப்போதும் அளவு குறைவாக இருந்தால், பட்டை இன்னும் தேறவில்லை என்று கணக்கு.