பழையதை எழுதிவைத்த பிறகே புதியது

கோயம்புத்தூரிலிருந்து மதுரைக்கு வீடு மாறிய ஒரு வாடிக்கையாளரின் முகவரியைத் திருத்த வேண்டும். ஊழியர் டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரித் திரையைத் திறந்து, தரவுத்தளத்துக்கு ஒரு கட்டளை எழுதுகிறார்: வாடிக்கையாளர் பட்டியலில் ஊரை மதுரை என்று மாற்று. யாருடைய ஊரை? தரவுத்தளங்களுக்குக் கட்டளையிடும் எஸ்கியூஎல் மொழியில் அதைச் சொல்வது 'வேர்' என்று தொடங்கும் நிபந்தனை. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'எங்கே' என்று பொருள். அது விட்டுப்போயிற்று. என்டர் தட்டியதும் திரையில் ஒரே ஒரு வரி வருகிறது: 'அப்டேட் 42000'. நிறுவனத்தின் 42,000 வாடிக்கையாளர்களும் ஒரே நொடியில் மதுரைக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

நிறுவனம் என் கற்பனை. தவறு எவ்வளவு சாதாரணமானது என்பதற்கு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளே சாட்சி. அதில் 'சேஃப் அப்டேட்ஸ்' என்று ஒரு பாதுகாப்பு உண்டு. அதை இயக்கிவிட்டால், எந்தப் பதிவு என்று சாவிப் புலத்தை (பதிவை அடையாளம் காட்டும் கட்டத்தை) கொண்டு குறிப்பிடாத, எண்ணிக்கைக்கு வரம்பும் சொல்லாத திருத்தக் கட்டளைகளை அது ஏற்காது. இத்தனை பேர் இதே குழியில் விழாமல் இருந்திருந்தால் இப்படியொரு வசதியைச் செய்து வைத்திருக்க மாட்டார்கள்.

வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருளை அலுவலகங்களில் சிஆர்எம் என்பார்கள். யார் வாங்கினார், எப்போது பேசினோம், என்ன குறை சொன்னார், அவருடைய கைபேசி எண் என்ன என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். உலாவியில் அதைத் திறந்தால் ஒவ்வொரு பதிவாகக் கண்ணில் படும். அழிக்கப் போனால் 'உறுதியா?' என்று கேட்கும். கட்டளை வரி கேட்காது. ஆனாலும் பல்லாயிரம் பதிவுகளைத் திருத்துவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை என்பது என் துணிபு. எழுதிய கட்டளையைக் கோப்பில் வைக்கலாம், பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டிச் சரிபார்க்கலாம், சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு அதே எழுத்துகளை உண்மைத் தளத்திலும் ஓட்டலாம். ஆயிரம் முறை சுட்டியை அழுத்திய கையால் இவற்றில் ஒன்றும் ஆகாது.

சரி, மதுரைக்காரர்களைத் திரும்ப அவரவர் ஊருக்கு அனுப்ப முடியுமா? கட்டளைக்கு முன்னால் 'பிகின்' என்ற ஒரே சொல்லை அடித்திருந்தால் முடியும். அது ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கிவைக்கும். பிறகு என்ன மாற்றினாலும், 'கமிட்' என்று சொல்லும்வரை அது உறுதியாகாது. '42000' என்ற எண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டவர் 'ரோல்பேக்' என்று அடித்தால் எல்லாம் பழையபடி. நான் எதிர்பார்த்தது 1, அது 42,000 என்கிறது. அந்த ஒரு எண்ணைப் படிக்க நேரம் கிடைப்பதுதான் இங்கே பாதுகாப்பு. பரிவர்த்தனை என்ற இந்தக் கருத்தை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே. அதற்காக 1998-இல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது.

மாற்றியதை எப்படி மாற்றாததாக ஆக்குகிறது இயந்திரம்? இதை அறிய எளிய இடம் எஸ்கியூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் உருவாக்கிய இந்தச் சிறிய தரவுத்தளம் இன்று ஏறக்குறைய எல்லாக் கைபேசிகளுக்குள்ளும் இருக்கிறது. அது தன் கோப்பைப் பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. வழக்கமாக ஒரு பக்கம் 4,096 பைட். ஒரு பக்கத்தில் கைவைப்பதற்கு முன்னால், அந்தப் பக்கம் இப்போது இருக்கும் நிலையை அப்படியே 'ஜர்னல்' என்ற தனிக் கோப்பில் படியெடுக்கிறது. அந்தப் படி வட்டில் உண்மையாகவே பதிந்துவிட்டதா என்று இயங்குதளத்திடம் வற்புறுத்தி உறுதி செய்துகொள்கிறது. அதற்குப் பிறகுதான் புதியதை எழுதுகிறது. எல்லாம் முடிந்ததும் ஜர்னல் கோப்பை அழிக்கிறது. அந்த அழிப்புதான் 'கமிட்'.

நடுவில் மின்சாரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 300 பக்கங்களில் 170 மாறிவிட்டன, மற்றவை மாறவில்லை. மறுபடி தரவுத்தளத்தைத் திறக்கும்போது எஸ்கியூலைட் பார்ப்பது, ஜர்னல் கோப்பு இன்னும் இருக்கிறதா என்றுதான். இருந்தால், வேலை பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள். உடனே பழைய பக்கங்களை எடுத்துத் திரும்ப வைத்துவிடும். ஒரு கோப்பு இருக்கிறதா, இல்லையா என்ற ஒற்றைக் கேள்விக்குள் முழுப் பரிவர்த்தனையின் விதியையும் அடக்கிவிட்ட இந்த அமைப்பை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் வேறு வழியில் போகிறது. அது பழைய பதிவின் மேல் எழுதுவதே இல்லை. புதிய வடிவத்தைத் தனியாக எழுதி, எந்தப் பரிவர்த்தனை இதை உண்டாக்கியது, எது பழையதை நீக்கியது என்று எண்களைக் குறித்து வைக்கிறது. ரோல்பேக் என்றால் அந்தப் பரிவர்த்தனை செல்லாது என்று ஓரிடத்தில் குறித்தால் போதும்; 42,000 பதிவானாலும் நொடிக்குள் முடியும். செல்லாமல் போன வடிவங்களை 'வேக்யூம்' என்னும் துப்புரவு வேலை பின்னர் பெருக்கித் தள்ளும். வழி எதுவானாலும் அடிப்படை ஒன்றே: பழையது பத்திரமாக எங்கோ இருக்கிறது என்று தெரிந்த பிறகே புதியது.

ஆனால் இன்று பெரும்பாலான சிஆர்எம்கள் நம் கணினியில் இல்லை. சேல்ஸ்ஃபோர்ஸ், சென்னையில் வளர்ந்த ஸோஹோ போன்றவை தொலைவிலிருக்கும் வழங்கிகளில் (சர்வர்களில்) ஓடுகின்றன. கட்டளை வரியிலிருந்து நாம், மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய சிஎஸ்வி கோப்பை அனுப்புகிறோம், அவை வாங்கிக்கொள்கின்றன. மொத்தமாக வரும் பதிவுகளைச் சேல்ஸ்ஃபோர்ஸ் 200, 200 ஆகப் பிரித்து எடுத்துக்கொள்ளும். 10,000 பதிவு அனுப்பி, 6,000 முடிந்த நிலையில் பிழை வந்தால் அந்த 6,000 மாறியது மாறியதுதான். மொத்த வேலைக்கும் சேர்த்து ரோல்பேக் கிடையாது. அழித்த பதிவுகள் குப்பைத்தொட்டியில் 15 நாள் கிடக்கும். மாற்றி எழுதிய மதிப்புகளுக்கு அந்தத் தொட்டியில் இடமில்லை.

ஆகவே ஜர்னலை நாமே எழுத வேண்டும். எந்தப் பதிவுகளைத் தொடப்போகிறோமோ அவற்றின் அடையாள எண்ணையும், மாறப்போகும் புலங்களின் இன்றைய மதிப்பையும் முதலில் ஒரு கோப்பில் இறக்கிக்கொள்வது. இறக்கிய வரிகளை எண்ணுவது. அனுப்பப்போகும் கோப்பின் வரிகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. பிறகு ஐந்து பதிவுகளை மட்டும் அனுப்பி, உலாவியில் திறந்து கண்ணால் பார்ப்பது. அப்புறம்தான் மீதி. ஏதாவது கெட்டுப்போனால், இறக்கிவைத்த பழைய கோப்பையே திரும்ப அனுப்பலாம். எஸ்கியூலைட் மில்லிநொடிகளில் செய்வதை நாம் கையால் அரைமணி நேரத்தில் செய்கிறோம்.

இப்படித் திரும்ப அனுப்ப முடியாத ஒன்றும் உண்டு. 'நிலை' என்ற புலம் மாறினால் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போகும்படி யாரோ எப்போதோ ஒரு தானியங்கி விதி போட்டிருப்பார்கள். பதிவு பழைய நிலைக்குத் திரும்பும். போன மின்னஞ்சல் திரும்பாது. சோதனைத் தளத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் உண்மைத் தளத்தைத் தொடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அடையாள எண் என்றேன். அதற்குள்ளே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் 15 எழுத்துகள் கொண்ட அடையாளம் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் 26 சிறிய ஆங்கில எழுத்துகள், 26 பெரிய எழுத்துகள், 10 இலக்கங்கள் என 62 வாய்ப்புகள். சிறிய 'ஏ' வேறு, பெரிய 'ஏ' வேறு. இரண்டும் வெவ்வேறு வாடிக்கையாளரைக் குறிக்கலாம். சிக்கல் எக்செல்லில் வருகிறது. அதன் 'வீலுக்அப்' தேடல் சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் வேறுபாடு பார்க்காது. இரண்டு பட்டியல்களை அதில் ஒப்பிட்டு இணைத்தால், ஒருவருடைய கைபேசி எண் இன்னொருவர் பதிவில் போய் உட்கார்ந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. வாரங்கள் கழித்து யாரோ தவறான ஆளை அழைத்துப் பேசும்போதுதான் தெரியவரும்.

அதற்குத் தீர்வாக அடையாளத்தின் கடைசியில் மூன்று எழுத்துகள் சேர்ந்து 18 ஆனது. 15 எழுத்துகளையும் ஐந்தைந்தாக மூன்று குழுக்களாகப் பிரிக்கிறார்கள். குழுவின் ஒவ்வோர் இடத்தையும் பார்த்து, பெரிய எழுத்தானால் 1, இல்லையென்றால் 0. ஐந்து இடங்களுக்கு 2×2×2×2×2, அதாவது 32 சேர்க்கைகள். ஆங்கில எழுத்து 26, அவற்றோடு 0 முதல் 5 வரை ஆறு இலக்கங்கள். மொத்தம் சரியாக 32. ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு குறி. ஐந்திலும் பெரிய எழுத்தே இல்லையென்றால் 'ஏ'. ஐந்துமே பெரிய எழுத்தானால் '5'. எது பெரியது, எது சிறியது என்ற செய்தி முழுவதும் அந்த மூன்று குறிகளுக்குள் போய்விடுவதால், வேறுபாடு பார்க்காத மென்பொருளிலும் இரண்டு அடையாளங்கள் ஒன்றாகத் தோன்றாது. வாடிக்கையாளர் பட்டியலை இணைக்கும் எவரும் 18 எழுத்து வடிவத்தையே இறக்க வேண்டும்.

எக்செல்லின் தொல்லை அதோடு நிற்பதில்லை. நாட்டுக் குறியீடான 91-ஓடு சேர்ந்த கைபேசி எண்ணுக்கு 12 இலக்கம். சிஎஸ்வி கோப்பைச் சும்மா திறந்தாலே அது அறிவியல் குறியீட்டில் '9.19' என்பதுபோல் தொடங்கும் சுருக்க எண்ணாகக் காட்டும். அப்படியே சேமித்தால் காட்டியதுதான் கோப்பில் பதியும். மீதி இலக்கங்கள் போயின. அதனால்தான் கட்டளை வரிக்காரர்கள் இடையில் எக்செல்லைத் திறப்பதில்லை. பார்க்க வேண்டுமென்றால் படியெடுத்து, படியைத் திறப்பார்கள்.

இணைப்பு பாதியில் அறுந்தால் என்ன செய்வது? 'புதிதாகச் சேர்' என்று அனுப்பியிருந்தால், திரும்ப அனுப்பும்போது முதல் 6,000 பேரும் இரட்டையாகிவிடுவார்கள். இதற்கு 'அப்சர்ட்' என்றொரு வழி இருக்கிறது: இந்த வெளி எண் உள்ளவர் ஏற்கெனவே இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர். அந்த எண் நிறுவனமே தரும் வாடிக்கையாளர் எண்ணாக இருக்கலாம். ஒருமுறை ஓட்டினாலும் பத்துமுறை ஓட்டினாலும் பட்டியல் ஒன்றாகவே முடியும். அறுந்தால் பதற்றமில்லாமல் மறுபடி ஓட்டலாம்.

கடவுச்சொல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைக் கட்டளையின் பகுதியாகத் தட்டச்சு செய்யக் கூடாது. அடித்ததெல்லாம், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும். அதோடு, லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் முழுக் கட்டளை வரியும் அதே கணினியில் நுழைந்த மற்றவர்களுக்கும் வழக்கமாகத் தெரியும். தனிக் கோப்பில் வைத்து, உரிமையை 600 ஆக்க வேண்டும். படிக்க 4, எழுத 2, கூட்டினால் 6, அது உரிமையாளருக்கு. அடுத்த இரண்டு சுழியங்களும் குழுவுக்கும் பிறருக்கும் ஒன்றுமில்லை என்பதற்கு. கடவுச்சொல் கோப்பின் உரிமை இதைவிடத் தளர்வாக இருந்தால், போஸ்ட்கிரெஸ் எச்சரித்துவிட்டு அந்தக் கோப்பைப் புறக்கணித்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் எந்தக் கணினியில் நிற்கிறோம் என்பது மாறிவிட்டால் எல்லாம் வீண். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்க இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தில் அதுதான் நடந்தது. துணைத் தரவுத்தளத்தைச் சரிசெய்ய, அதன் பழைய கோப்புகளை அழிக்க நினைத்த பொறியாளர், முதன்மைத் தரவுத்தளத்தின் டெர்மினலில் அழிப்புக் கட்டளையை ஓட்டிவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிபி போய் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. நாள்தோறும் எடுப்பதாக நம்பியிருந்த காப்புப் பிரதி எடுக்கப்படவே இல்லை. காப்பெடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தவில்லை. தோல்வியைச் சொல்ல வந்த மின்னஞ்சல்களும் சேராமல் திருப்பப்பட்டிருந்தன. அன்று வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு படிமம் இருந்ததால் சுமார் ஆறு மணி நேரத் தரவு மட்டுமே இழப்பாயிற்று. நடந்ததை அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அதற்கு அவர்களை நான் மனமார மதிக்கிறேன். அவர்கள் பட்டியலிட்ட திருத்தங்களில் ஒன்று மிக எளியது: எந்த வழங்கி என்பது டெர்மினலின் முகப்பிலேயே தெளிவாகத் தெரியும்படி செய்வது. உண்மைத் தளத்துக்குச் சிவப்பு, சோதனைத் தளத்துக்குப் பச்சை என்று முகப்புக்கு நிறம் பூசுவதும் இதே வகை.

இனி, நாமே கையால் எழுதிய அந்த ஜர்னல். மாற்றத்துக்கு முன் இறக்கிவைத்த பழைய மதிப்புக் கோப்பு, வேலை முடிந்த பிறகும் மடிக்கணினியின் டவுன்லோட்ஸ் அடைவில் கிடக்கிறது. அதில் பெயர், எண், முகவரி எல்லாம் உண்டு. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. ஆகவே அந்தக் கோப்புக்கும் 600 உரிமை, மறையாக்கம், நீக்கும் தேதி மூன்றும் வேண்டும். நிரல்களும் அவற்றின் ஒவ்வொரு பழைய பதிப்பும் இருக்கும் கிட் களஞ்சியத்துக்குள் அது ஒருபோதும் போகக் கூடாது. அங்கே போனது வரலாற்றில் தங்கிவிடும்.

அதே சட்டம், தன் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையை மக்களுக்குத் தருகிறது. ஒருவர் கேட்டு, செவ்வாய்க்கிழமை அவருடைய பதிவை நீக்குகிறோம். வியாழக்கிழமை ஏதோ கெட்டுப்போய், திங்கட்கிழமைக் காப்புப் பிரதியை மீட்கிறோம். அவர் திரும்பி வந்துவிடுகிறார். அடுத்த மாத விளம்பரக் குறுஞ்செய்தியும் அவருக்குப் போகும். இதனால் நீக்கப்பட்டவர்களின் அடையாள எண்களை மட்டும், பெயரோ கைபேசி எண்ணோ இல்லாமல், காப்புப் பிரதிகளுக்கு வெளியே தனிப் பட்டியலாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. மீட்பு முடிந்ததும் முதலில் ஓடும் கட்டளை அந்தப் பட்டியலைப் படித்து அவர்களை மறுபடி நீக்குவதாக இருக்கும். அதற்கும் முன்னால் 'பிகின்' உண்டு. பட்டியலில் எத்தனை எண்களோ அத்தனைக்கு மேல் நீக்கப்படவில்லை என்று பார்த்த பிறகு 'கமிட்'.