பச்சையாக ஒளிர்வது எது?

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குத் தேதி குறித்திருந்த ஓர் அம்மாவின் மகள், கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். இருண்ட திரை, நடுவே பளிச்சென்று ஒரு பச்சைப் புள்ளி. "புற்று இருக்கும் இடமெல்லாம் இப்படி ஒளிருமாமே டாக்டர்? அம்மாவுக்கும் இதைப் போட்டு மிச்சமில்லாமல் எடுத்துவிடுங்கள்" என்றார். இப்போதெல்லாம் மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். வீடியோவில் பொய் இல்லை. அதன் கீழே யாரோ எழுதியிருந்த விளக்கம்தான் தவறு.

அந்தச் சாயத்தின் பெயர் இண்டோசயனின் கிரீன். ஆபரேஷன் தியேட்டரில் ஐசிஜி என்போம். அமெரிக்காவில் 1959-லேயே அனுமதி பெற்ற பழைய சரக்கு. ஊசியில் ரத்தத்துக்குள் ஏற்றினால் அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். கல்லீரல் அதைப் பிடித்துப் பித்தத்தில் தள்ளிவிடும். சுமார் 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைப் பாய்ச்சினால் ஒளிரும், ஆனால் அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடிப்பது தனிக் கேமரா. திரையில் பச்சை பூசுவது கணினி.

ஐசிஜிக்குப் புற்று எது, நல்ல சதை எது என்ற பேதமே தெரியாது. ரத்தமும் நிணநீரும் போகும் வழியில் போகும், அவ்வளவுதான். மார்பக அறுவையில் எங்களுக்கு வேண்டியதும் அந்த வழிதான். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் சிறிதளவு செலுத்தி, சில நிமிடம் நீவிவிட்டு, விளக்குகளை அணைத்துக் கேமராவைப் பிடித்தால், தோலுக்கடியில் ஒரு கோடு அக்குளை நோக்கி ஊர்வது தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. கோடு போய்ச் சேரும் நிணநீர்க் கணுதான் (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சு), புற்று பரவியிருந்தால் முதலில் எட்டிப் பார்க்கக்கூடிய இடம். அதை எடுத்துப் பரிசோதித்து, அதில் ஒன்றும் இல்லையென்றால் அக்குளை முழுவதும் வழித்தெடுக்க வேண்டியதில்லை. பிற்பாடு கை வீங்கும் தொல்லையும் குறையும்.

இதில் ஒரு பொறி உண்டு. புற்று அடைத்துக்கொண்ட கணுவுக்குள் சாயம் நுழைய முடியாமல் போகலாம். அப்போது நோயுள்ள கணு இருட்டாகவும் நோயில்லாத கணு பிரகாசமாகவும் தெரியும். அதனால் கேமராவை வைத்துவிட்டு விரலால் ஒருமுறை தடவிப் பார்க்காமல் நான் தையல் போடுவதில்லை. ஒளிராத கணு ஒன்று கூழாங்கல் போல விரலில் தட்டுப்பட்டு, எடுத்துப் பார்த்தால் அதில்தான் புற்று இருந்தது என்ற அனுபவமும் உண்டு.

கல்லீரலில் கதையே வேறு. ஜப்பானில், அறுவைக்குச் சில நாள் முன்பு கல்லீரலின் திறனை அளக்கச் செலுத்திய ஐசிஜி, அறுவையின்போது கட்டிகளில் தங்கி ஒளிர்வதைக் கண்டார்கள். கல்லீரலிலேயே தோன்றிய புற்று, சாயத்தை உறிஞ்சிக்கொண்டு பித்தத்தில் வெளியேற்ற முடியாமல் தவிக்கிறது. எனவே கட்டியே ஒளிர்கிறது. குடலிலிருந்து பரவி வந்த கட்டியோ இருட்டாகக் கிடக்க, அது நசுக்கிய சுற்றுப்புறக் கல்லீரல் மோதிரம் போல ஒளிர்கிறது. சுருங்கிப்போன கல்லீரலில் புற்றில்லாத முடிச்சுகளும் ஒளிர்ந்து ஏமாற்றும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைந்திருப்பதும் கேமராவுக்கு எட்டாது.

புற்றுச் செல்லே ஒளிர வேண்டுமானால் வேறு மருந்து வேண்டும். மூளையில் வரும் க்ளையோமா என்ற கட்டியின் வீரியமான வகைக்கு 5-ஏஎல்ஏ என்ற கரைசலை, மயக்கம் கொடுப்பதற்கு ஏறக்குறைய 3 மணி நேரம் முன்பு குடிக்கத் தருவார்கள். கட்டிச் செல்கள் அதை ஒளிரும் பொருளாக மாற்றிச் சேர்த்துவைக்கும். ஊதா கலந்த நீல ஒளியில் சிவப்பாகத் தெரியும். 2006-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுவதும் அகற்றப்பட்டவர்கள் இந்த முறையில் 65 சதவீதம், வழக்கமான முறையில் 36 சதவீதம். மொத்த ஆயுள் கூடியதாக அது நிறுவவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குடித்தவர் ஒரு நாளாவது வெயிலிலும் கடும் வெளிச்சத்திலும் படக்கூடாது. வார்டில் ஜன்னல் திரையைத் திறந்துவிடும் உறவினர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

புற்றைத் தேடிப் போகும் சாயங்களும் வரத் தொடங்கிவிட்டன. பாஃபோலாசயனைன் அமெரிக்காவில் 2021-ல் சினைப்பைப் புற்றுக்கும் 2022-ல் நுரையீரலுக்கும் அனுமதி பெற்றது. மார்பகக் கட்டியை எடுத்த குழியில் மிச்சம் தேட உதவும் பெகுலிசயனைன் 2024-ல் வந்தது. அதற்குக் கடுமையான ஒவ்வாமை எச்சரிக்கையும் உண்டு. என் தியேட்டரில் இவை இரண்டும் இல்லை.

அந்த மகளிடம் இதையெல்லாம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. "அப்படியென்றால் மிச்சம் இல்லையென்று எப்படித் தெரியும்?" என்றார். சரியான கேள்வி. அதற்கும் ஒரு சாயம் இருக்கிறது, ஒளிராத சாயம். எடுத்த கட்டியின் வெளிப்புறம் முழுவதும், திசுவைப் பரிசோதிக்கும் பேத்தாலஜிஸ்ட் மை பூசுவார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு நிறம். பிறகு சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பரவும் வகை மார்பகப் புற்றில், மைமீது புற்றுச் செல் இல்லையென்றால் விளிம்பு சுத்தம். இருந்தால், எந்தப் பக்கம் மீண்டும் எடுக்க வேண்டும் என்பதை மையின் நிறமே சொல்லிவிடும்.

பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. பக்கத்தைப் புரட்டி, மை பற்றிய வரி எங்கே என்றுதான் மகள் முதலில் தேடினார்.